சேணோன் எங்கே அமர்ந்திருந்தான்? பரண், புனம், வேட்டை: ஒரு சொல்வரலாறு

கடந்த மாதம் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பி, அதில் காட்டப்படும் செயலுக்குத் தமிழில் என்ன சொல் வழங்கலாம் என்று கேட்டிருந்தார். அமெரிக்கக் காடொன்றில் ஒருவர் மரமேறி, இடுப்பையும் தொடையையும் தாங்கும் துணிப்பட்டையில் அமர்ந்து, தண்டோடு பிணைத்த கயிற்றில் தொங்கியபடி மானுக்காகக் காத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இதற்குச் 'சேடில் ஹண்டிங்' என்று பெயர். மாணவர் 'சேண வேட்டை' என்று நேராக மொழிபெயர்த்திருந்தார். "பரண் வேட்டை என்று எழுதுங்கள், நம்மிடம் பழைய சொல் இருக்கிறது" என்று நான் சற்றும் எண்ணிப் பாராமல் பதில் அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகே ஐயம் வந்தது. பரண் பழைய சொல். வேட்டையும் பழைய சொல். ஆனால் பரணில் இருந்தவன் செய்ததை நம் பழைய நூல்கள் வேட்டை என்று கருதினவா? இந்தப் பதிவு அந்த ஐயத்தைத் தொடர்ந்து சென்றதன் விளைவு. நீளமானது, பொறுத்தருள்க.

1. மரத்தில் ஏறுவதன் காரணம்

முதலில் செயலைப் புரிந்துகொள்வோம். மான் மூக்கால் வாழும் விலங்கு. கண்ணுக்குத் தெரியாத மனிதனைக் காற்று அதற்குக் காட்டிக் கொடுத்துவிடும். மலைச்சரிவில் காலை வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி நகரும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். தரையில் பதுங்கியிருப்பவனின் வாடை இந்தக் காற்றோடு மானின் உயரத்திலேயே செல்கிறது. 15 அடி, 20 அடி மேலே அமர்ந்தவனின் வாடை பெரும்பாலும் அதன் தலைக்கு மேலாகக் கடந்துவிடுகிறது. மானின் பார்வை பக்கவாட்டில் மிக அகன்றது. தரைமட்டத்தில் எழும் சிறு அசைவும் அதில் படும். மேலிருந்து வரும் ஆபத்தை அது அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

இதற்காக அமெரிக்கர்கள் நெடுங்காலம் மரத்தில் இரும்பு இருக்கைகளையும் தட்டுகளையும் பொருத்தி வந்தனர். சேண முறை அந்தச் சுமையைக் குறைக்கிறது. துணிப்பட்டை ஒன்று, தண்டைச் சுற்றிக் கட்டும் பிணைகயிறு ஒன்று, ஏறும்போது இடுப்பையும் மரத்தையும் இணைக்கும் வடம் ஒன்று, தண்டில் கட்டி ஏறும் குறும்படிகள் சில, கால் ஊன்றச் சிறு தட்டு ஒன்று. எல்லாம் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கும். புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்லப்படும் முதல் விதி, தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே பல நாள் தொங்கிப் பழகு என்பது. இரண்டாவது, கால் தரையை விட்ட கணம் முதல் மீண்டும் தரையைத் தொடும் வரை ஏதேனும் ஒரு கயிறு உன்னை மரத்தோடு பிணைத்திருக்க வேண்டும் என்பது. அங்கே வேட்டையின்போது நேரும் காயங்களுக்கு மரத்திலிருந்து விழுவது முக்கியமான காரணங்களுள் ஒன்று.

'சேணம்' என்ற மொழிபெயர்ப்பு இன்னொரு சொல்லை நினைவூட்டுகிறது: சேணோன். சேண் என்றால் உயரம், தொலைவு. சங்கப் பாட்டில் மரத்தின்மேல் அமைத்த காவலிடத்தில் இருப்பவன் சேணோன். சேணோன் சேணத்தில் அமர்ந்தான் என்று எழுதினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கட்டுவது மொழியியலில் முதல் வகுப்பிலேயே விலக்கப்படும் பிழை. குதிரை முதுகின் சேணத்தை அப்படியே விட்டுவிட்டுச் சேணோனை மட்டும் பின்தொடர்வோம்.

2. மூன்று காட்சிகள்

மரத்தின்மேல் அமைத்த காவலிடத்துக்குச் சங்க இலக்கியத்தில் பல பெயர்கள் உண்டு. இதணம், இதண், கழுது என்பன அவற்றுட் சில. உரைமரபு இவற்றுக்குப் பெரும்பாலும் 'பரண்' என்றே பொருள் தருகிறது. கழுது என்ற சொல்லுக்குப் பேய் என்ற பொருளும் உண்டு.

முதற்காட்சி குறிஞ்சிப்பாட்டில் வருகிறது. மரத்தின்மேல் சேணோன் கட்டிய இதணம் அது. புலியும் அஞ்சும் உயரத்தில் இருப்பது. ஆனால் பாட்டில் அதன்மேல் ஏறுபவர்கள் பெண்கள். தழல், தட்டை, குளிர் என்னும் ஒலிக்கருவிகளைக் கொண்டு அவர்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறார்கள். கட்டியவன் ஆண், பகலில் அமர்பவள் பெண், விரட்டப்படுவது கிளி. இங்கே ஒரு சொட்டுக் குருதியும் இல்லை.

இரண்டாவது காட்சி அகநானூற்றின் 102-ஆம் பாட்டு. இரவு. கழுதில் இருக்க வேண்டிய கானவன் கள்ளுண்டு களித்துக் கிடக்கிறான். அவன் மனைவி கூந்தலைக் காற்றில் உலர்த்தியபடி குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள். தினை மேய வந்த களிறு கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தை விட்டும் பெயராமல், அந்தப் பாட்டில் உறங்கிவிடுகிறது. காவல் தவறியும் புனம் பிழைத்த கதை இது.

மூன்றாவது காட்சி மலைபடுகடாத்தில் உள்ளது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் வழியை எதிர்ப்பட்ட வேறு கூத்தர்க்குச் சொல்கிறான். வழியில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடக்கக் காண்பீர்கள் என்கிறான். கழுதில் இருந்த சேணோன் எய்த அம்போடு ஓடி, மார்பில் புண்பட்டு, பாதையில் விழுந்த விலங்கு அது. மூங்கில் உராய்ந்து எழுந்த தீயில் மயிர் போக்கிச் சுட்டுத் தின்னுங்கள், எஞ்சியதை எடுத்துச் செல்லுங்கள் என்கிறான்.

மரத்தின்மேல் இருந்து வில்லால் எய்வது, எய்த விலங்கு அம்போடு ஓடி மறைவது: காணொளியில் அந்த அமெரிக்கர் அஞ்சுவது இதைத்தான். அம்பு பட்ட மான் எங்கே விழுந்தது என்று குருதித் தடம் பார்த்து அவர் மணிக்கணக்கில் தேடுகிறார். நம் சேணோன் தேடவில்லை. பன்றி புனத்தை விட்டு அகன்றதோடு அவன் வேலை முடிந்தது. இறைச்சி வழிப்போக்கருக்குப் போகிறது. அவன் பரணில் அமர்ந்ததன் நோக்கத்தை இந்தச் சிறு செய்தி காட்டுகிறது. அவன் காத்தது தினையை. இந்த இடத்தில் வேட்டம் என்ற சொல்லும் வரவில்லை.

3. மரமும் குழியும்

அப்படியானால் பதுங்கிக் காத்திருந்து கொல்லும் வேட்டை நம் நூல்களில் இல்லையா? இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் எயினர் பகுதியைப் பாருங்கள். வறண்ட காலம், மான் குளம்புகளின் சுவடு பதிந்த வழிகள். நீர் வேட்டு விலங்குகள் வரும் இடத்தில் குழி தோண்டி, அதற்குள் ஒடுங்கி, நள்ளிரவில் பன்றியின் வரவு பார்த்து எயினர் காத்திருக்கிறார்கள். அந்த இரவு வேட்டை வாய்க்காவிட்டால், பகலில் நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கிறார்கள். இங்கே புலவர் வேட்டம் என்ற சொல்லையே ஆள்கிறார்.

இரண்டு ஆற்றுப்படைகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. இரண்டிலும் வில், இரண்டிலும் காத்திருத்தல், இரண்டிலும் பன்றி. ஒருவன் விளைநிலத்தின் நடுவே மரத்தின்மேல் இருக்கிறான்; மற்றவன் விளைநிலமே இல்லாத பாலையில் நீர்த்துறை அருகே குழிக்குள் இருக்கிறான். மரம் காவலின் இடம், குழி வேட்டையின் இடம். இதைச் சங்க இலக்கியம் முழுவதற்குமான விதியாக நான் முன்வைக்கவில்லை. இந்த இரண்டு பாட்டுகளும் இந்தப் பகுப்பை அறிந்தே செயல்படுகின்றன என்பது மட்டும் என் வாதம்.

பெருமை யாருக்கு என்ற கேள்வியும் இதே திசையைக் காட்டுகிறது. தமிழகத்து நடுகற்களில் புலியோடு பொருது இறந்தவனுக்குக் கல் உண்டு. பன்றியைக் குத்தி உயிர்விட்டவனுக்கும் கல் உண்டு. புலிக்குத்திக் கல், பன்றிக்குத்திக் கல் என்று ஊர்மக்கள் இன்றும் சொல்வார்கள். நன்னனின் செங்கத்தைச் சுற்றியே நடுகற்கள் மிகுதி. 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. குத்துதல் தரையில் நின்று, கைக்கெட்டும் தொலைவில் செய்வது. பரணில் இருந்து எய்தவனுக்கு அந்தக் கல் இல்லை. அவனும் அதை எதிர்பார்த்து ஏறியவன் அல்லன்.

அரசர் வேட்டையும் தரையில் நடப்பதே. கேரளக் கோயில்களில் ஆறாட்டுக்கு முந்தைய இரவில் நடக்கும் பள்ளிவேட்டையிலும், தமிழ்நாட்டுப் பாரிவேட்டையிலும் இறைவன் எழுந்தருளிச் சென்று வேட்டையாடுகிறான். மறைந்திருந்து கொன்ற அரசனின் கதையும் நமக்குத் தெரியும். தசரதன் இரவில் நீர்த்துறை அருகே காத்திருந்து, குடம் நிறையும் ஒலியை யானை நீருண்ணும் ஒலி என்று எண்ணி அம்பெய்தான்; இறந்தது ஒரு முனிமகன். நான் தங்கியிருக்கும் மட்டாஞ்சேரியில், போர்த்துகீசியர் கட்டி 1663-இல் ஒல்லாந்தர் புதுப்பித்த அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மகப்பேறு வேண்டித் தசரதன் செய்யும் வேள்வியோடு அது தொடங்குகிறது. அந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு முன்பே நடந்துவிட்ட அந்த இரவு நினைவுக்கு வரும்.

4. மான் என்ற சொல்

இதுவரை பன்றியையே பேசியிருக்கிறேன். காணொளியில் வந்தது மான். இங்கே ஒரு சிறு விலகல் தேவை. சங்கத் தமிழில் 'மா' என்பது விலங்குக்குப் பொதுப்பெயர். 'மான்' என்பதும் இன்றைய பொருளுக்குள் அடங்கியிருக்கவில்லை. குதிரையும் சிங்கமும்கூட அச்சொல்லால் சுட்டப்பட்டன. பின்னர் அது ஓர் இனத்துக்குச் சுருங்கியது. வடமொழியின் 'மிருக' விலங்கு என்ற பொதுப்பொருளையும் மான் என்ற சிறப்புப்பொருளையும் ஒருங்கே கொண்டது. அந்த மொழியில் வேட்டைக்கே 'மிருகயா' என்று பெயர். ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் 'டீர்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் விலங்கு என்றே பொருள்பட்டது. அதன் செருமானிய உறவுச்சொல்லான 'டியர்' இன்றும் விலங்கு என்றே பொருள்படும்.

தொடர்பில்லாத மொழிக்குடும்பங்களில் ஒரே போக்கு. மிகுதியாக வேட்டையாடப்பட்ட விலங்கு பொதுப்பெயரைத் தனதாக்கிக் கொள்கிறது என்பது இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

ஆனால் காட்டோரத்தில் வாழ்பவர்கள் பொதுச்சொல்லோடு நிற்பதில்லை. தென்மேற்கு மலைகளில் தமிழர் மிளா என்பதை மலையாளிகள் மிலாவு என்பார்கள். நூல்வழக்கில் அது கடமான். கேழையாடு மலையாளத்தில் கேழமான். இவற்றை இப்படிப் பிரித்தறிந்து பெயரிட்டவர்களுக்கு எந்த விலங்கு எந்தப் பயிரை எந்த மாதத்தில் தேடி வரும் என்பதும் தெரிந்திருந்தது.

5. மட்டாஞ்சேரிக்கு வந்த மிளகும் ஒற்றை மூங்கிலும்

மட்டாஞ்சேரியின் ஒரே தெருவில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் காதில் விழும். இவ்வூருக்கு மக்களை இழுத்து வந்தது மிளகு. யூதத்தெருப் பகுதியில் 1957-இல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகச் சங்கத்தின் கூடத்தில் நெடுங்காலம் கூவியே விலை பேசினார்கள். இங்கே மூட்டையாக வந்து இறங்கும் மிளகு மலைநாட்டில் மரத்தில் படர்ந்த கொடியிலிருந்து பறிக்கப்படுவது. பறிப்பவர் ஏறுவது இரட்டைச் சட்டமுள்ள ஏணியில் அன்று. ஒற்றை மூங்கிலில், கணுக்களில் கிளையை ஒட்ட நறுக்காமல் கால்வைக்கும் அளவு விட்ட தண்டில்.

இந்த ஏணிக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: கண்ணேணி. சங்கப் பாட்டில் மலைத்தேன் எடுக்கச் சார்த்திய இத்தகைய ஏணிக்கு மால்பு என்று பெயர். காணொளியில் மரத்தண்டில் கட்டி ஏறிய அலுமினியக் குறும்படிகளைப் பார்த்தபோது எனக்கு மால்புதான் நினைவுக்கு வந்தது. முந்தைய கொச்சி அரசின் காடுகளில், இன்றைய பறம்பிக்குளம் பகுதியில் வாழும் காடர்கள், கிளையற்ற நெடுமரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, அவற்றையே படியாகக் கொண்டு தேனெடுக்க ஏறினார்கள். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் இதை விவரிக்கின்றன. அதே ஆண்டு எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரின் கொச்சிப் பழங்குடிகள், சாதிகள் பற்றிய நூலின் முதல் தொகுதி வந்தது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏரன்ஃபெல்ஸின் காடர் ஆய்வை வெளியிட்டது. மரமேறும் நுட்பம் இந்த நிலத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதாக இருந்ததில்லை. அது தேனுக்கும் மிளகுக்கும் கள்ளுக்கும் காவலுக்கும் பயன்பட்டது.

காவலுக்கான மரவீட்டுக்கு மலையாளத்தில் ஏறுமாடம் என்று பெயர். காவல்மாடம் என்றும் சொல்வார்கள். இரண்டும் தமிழருக்கு உரை தேவைப்படாத சொற்கள். இங்கே மிளகுப் பண்டகசாலை ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்த முதியவர் ஒருவர் மலைநாட்டில் பிறந்தவர். அவர் தந்தை கப்பைக்கிழங்குத் தோட்டத்தின் ஏறுமாடத்தில் பன்றி வரும் மாதங்களில் இரவு முழுவதும் இருப்பாராம். "அப்படியானால் உங்கள் அப்பா நாயாட்டுக்காரரா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "நாயாட்டல்ல மோனே, காவல் கிடக்கலாணு" என்றார். வேட்டை அன்று, காவல் கிடத்தல்.

நாயாட்டு என்பது மலையாளத்தில் வேட்டைக்கான சொல். அதை நாய், ஆட்டு என்று பிரித்தே பொதுவாக விளக்குகிறார்கள். நாயை ஏவித் தரையில் துரத்துவது அந்தச் சொல்லின் உள்ளே இருக்கிறது. மரத்தில் காவல் கிடந்த மனிதரை அந்தச் சொல்லுக்குள் வைத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைய இரு பாட்டுகளில் நான் தேடிக் கண்ட பகுப்பை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அன்றிரவு அகநானூற்று 102-ஆம் பாட்டுக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்பட்டையை எடுத்துப் பார்த்தேன். 'கானவன் = வேட்டைக்காரன்' என்று இருந்தது. கானவன் என்றால் கானத்தில் வாழ்பவன். அவன் வேட்டையாடியிருக்கலாம்; ஆனால் அந்தப் பாட்டில் அவன் உழவன், தன் புனத்துக் காவலன். அந்தக் குறிப்பை வைத்து ஒரு கருத்தரங்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். பிழை என்னுடையது.

6. மச்சான் வந்தது

இந்தப் பிழை எனக்கு மட்டும் உரியதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பரணுக்கு ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட சொல் 'மச்சான்'. வடமொழி 'மஞ்ச' என்பதிலிருந்து இந்தி வழியாக வந்தது; நம் மஞ்சமும் அதே மூலத்தது. தமிழர் காதில் அது உறவுமுறையாக விழுந்து சிரிப்பை மூட்டும். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்கு உயர்த்திக் கட்டிய மேடை என்று பொருள் தந்து, புலியைப் பார்த்திருக்கவும் வயலைக் காக்கவும் அமைப்பது என்கிறது. தொகுத்தவர்களில் ஒருவரான ஆர்தர் பர்னெல் சென்னை மாகாண அதிகாரியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளை நன்கறிந்தவர். அந்த வரையறையில் வயல் இன்னும் இருந்தது.

பின்வந்த வேட்டை நூல்களில் வயல் மறைந்துவிடுகிறது. மச்சான் என்றால் புலிக்காக, கட்டிவைத்த இரைக்கு மேலே அமைத்த மேடை. பெங்களூரில் வாழ்ந்து தமிழகக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன் கயிற்றுக்கட்டிலையே மரத்தில் கட்டி மச்சானாக்கிக் கொண்டார். அதே காலத்து வேட்டை ஒழுக்கம் இன்னொரு பிரிவினையையும் செய்தது. துப்பாக்கியோடு சரிவில் பின்தொடர்ந்து கொம்புள்ள ஆண் கடமானைச் சுடுவது கனவான்களின் விளையாட்டு. ஊரார் இரவில் உப்புநிலத்திலோ வயலோரத்திலோ காத்திருந்து சுடுவது திருட்டு.

சட்டமும் அதே வழியில் வந்தது. 1877-இல் நீலகிரி வேட்டைவிலங்குச் சங்கம். 1879-இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1882-இல் சென்னை வனச் சட்டம். கொச்சி அரசு கொல்லம் ஆண்டு 1080-இல், அதாவது 1904-05-இல், தன் வனச் சட்டத்தை இயற்றியது. அதே காலத்தில்தான் பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கும் வனத் தண்டவாளமும் அமைந்தது. காடு அரசின் பொருளானது. அதன் ஓரத்தில் பரண் கட்டியவன் ஐயத்துக்குரியவன் ஆனான். ஆவணங்களில் அவனுக்குக் கிடைத்த பெயர்கள் இரண்டே: வழிகாட்டும்போது 'ஷிகாரி', தனித்திருக்கும்போது கள்ளவேட்டைக்காரன். காவலன் என்ற மூன்றாவது பெயருக்கு அங்கே இடமில்லை.

விடுதலைக்குப் பின் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்தோடு கூடிய வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991-இன் திருத்தம் அதையும் நீக்கியது. மான் வேட்டை இன்று இந்தியாவில் குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இந்தப் பதிவைச் சேண வேட்டைக்கான அழைப்பாக யாரும் கொள்ள வேண்டாம். ஆனால் அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நிலத்தில் நிற்கும் பயிருக்கு ஆபத்தான சில விலங்குகளை உரிய அதிகாரியின் அனுமதியோடு கொல்ல விதிவிலக்கும் தருகிறது. சேணோனின் தினைப்புனம் அந்த விதிவிலக்கில்தான் எஞ்சி நிற்கிறது.

7. இன்றைய பன்றி

2022-இல் கேரள அரசு, பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு அதை நிறைவேற்றலாம். விவாதம் அன்றுமுதல் ஓயவில்லை. ஒரு பக்கம் 'வேட்டையைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்' என்கிறது. மறுபக்கம் 'விலங்குக்கு இருக்கும் மதிப்பு மனிதனுக்கு இல்லையா' என்கிறது. இருவரும் வேட்டையின் மொழியிலேயே பேசுகிறார்கள். துப்பாக்கி உள்ளவர் எத்தனை பேர், எத்தனை பன்றி வீழ்ந்தது என்றே கணக்கெடுக்கப்படுகிறது. இரவுக் காவலுக்கு யார் போகிறார்கள், அந்த உழைப்புக்கு என்ன மதிப்பு, விழித்திருக்க ஆளில்லாத வீடுகள் என்ன செய்கின்றன என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன.

காவலைக் குற்றமற்ற பொற்காலமாக நான் காட்டவில்லை. மலைபடுகடாம் அதை அனுமதிக்காது. புனவர் கவணால் எறியும் கற்கள் கூற்றுவனைப் போல் வரும், மரத்தின் பின் ஒதுங்குங்கள் என்று அது கூத்தர்களை எச்சரிக்கிறது. பன்றிகள் நுழையும் வழிதோறும் அடார் என்னும் கற்பொறி மாட்டியிருக்கும், ஆகவே பகலில் செல்லுங்கள் என்கிறது. அடாருக்குக் கண் இல்லை. நற்றிணை 119-ஆம் பாட்டில் பன்றிக்கு வைத்த அடாரில் புலி அகப்படுகிறது.

2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை, வெள்ளியாற்றில் நின்றபடி உயிர்விட்டது. அந்த வெடி பன்றிக்கு வைக்கப்பட்டது என்றே செய்திகள் கூறின. மின்வேலியும் கண்ணியும் வெடிக்காயும் இன்றைய அடார்கள். அவற்றை வைத்தவன் வீட்டில் உறங்குகிறான். எது வந்து சிக்கும் என்பதை அவன் அறியான். பரணில் இருப்பவன் விழித்திருந்தாக வேண்டும், வருவது எது என்று பார்த்தாக வேண்டும். பெரும்பாலான இரவுகளில் ஒரு கூச்சலும் ஒரு தட்டையொலியும் போதுமானவையாக இருந்தன. பயிர்க்காவலில் கொல்வதற்கு முந்தைய படிகள் பல இருந்தன. அவற்றுக்குத் தனித்தனிக் கருவிகளும் பெயர்களும் இருந்தன. அந்தப் பெயர்களை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வேட்டை என்று எழுதினால், அந்தப் படிகளும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

மாணவருக்கு மறுபடியும் எழுதினேன். உங்கள் 'சேண வேட்டை' என்ற சொல்லே பொருத்தமானது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அமெரிக்கரின் மரத்தடியில் அவர் காக்க வேண்டிய பயிர் எதுவும் இல்லை. அவர் செய்வது வேட்டை, அதற்குரிய விதிகளோடும் அந்நாட்டுச் சட்டத்தோடும் செய்கிறார். பரணை அதில் சேர்த்தால், கிளி ஓட்டிய பெண்களையும் கள்ளுண்டு உறங்கிய கானவனையும் ஏறுமாடத்தில் கிடந்த அந்த முதியவரின் தந்தையையும் வேட்டைக்காரர் ஆக்கிவிடுவோம்.

இன்று நம் வீடுகளில் பரண் என்பது பழம்பாத்திரங்கள் கிடக்கும் இடம். வயலில் இருந்த பரணுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர் என்ன? அங்கே இரவிருந்தவர்களை என்ன சொல்லி அழைப்பார்கள்? விரட்டக் கையாண்ட கருவி, எழுப்பிய ஓசை, பாடிய பாட்டு ஏதேனும் நினைவிருக்கிறதா? மேற்குத்தொடர்ச்சி மலையின் இருபுறத்து நண்பர்களும் ஊர்ப்பெயரோடு எழுதினால் தொகுத்துப் பகிர்கிறேன். குறிப்பாக ஒன்று: உங்கள் பாட்டியோ தாத்தாவோ அதை வேட்டை என்றார்களா, காவல் என்றார்களா என்று கேட்டு எழுதுங்கள்.